பள்ளிக்கூடமும் பட்டறையும் பஞ்சாயத்தும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் முகப்பில் மாலை வேளையில் நிற்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு வெளிவரும் வேன்களும், அடுத்த ஷிப்டுக்கு ஆட்களை இறக்க வரும் வேன்களும் ஒன்றோடொன்று உரசாத குறையாக நெருங்கிப் போகும். அவற்றில் அமர்ந்திருக்கும் இளைஞரிற் பலர், ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய மதராஸ் கைக்குட்டைத் துணியை ஆரணியிலும் பொன்னேரிப் பக்கத்திலும் நெய்த குடும்பங்களின் பிள்ளைகள். வேறு பலர், ஏரிப் பாசனத்தை நம்பி நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்டவர்களின் பிள்ளைகள். அவ்விடத்திலுள்ள தேநீர்க் கடையொன்றில், சென்ற ஆடி மாதத்தில், நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அவர் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. தனியார் பள்ளியொன்றில் பத்தாண்டு கணித ஆசிரியராக இருந்தவர். பிறகு வேலையை விட்டுவிட்டு, கம்பெனிகளுக்குச் சரக்கு அடுக்கி அனுப்புவதற்கான மரச் சட்டங்கள் செய்யும் சிறு பட்டறை ஒன்றை வைத்தார். பதினான்கு பேருக்குக் கூலி கொடுக்கிறார். இரவில், அதே பட்டறையின் முன்கூடத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கணக்குச் சொல்லித் தருகிறார். எங்கள் விவசாயிகள் சங்கத்தில் அவரும் ஓர் அங்கத்தினர்.

“அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கலாமென்று ஊரில் சிலர் சொல்கிறார்கள் சார். பத்து ஊரின் கணக்கைப் பார்க்கிறவர் நீங்கள். நான் நிற்கலாமா?” என்று கேட்டார்.

அன்று நான் சொன்ன பதில் உத்தியோகஸ்தன் சொல்லும் பதில். “யோசித்துச் செய்யுங்கள் வாத்தியாரையா” என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடித்தேன். ஊர் வந்து சேருமுன்னரே அது பதிலாகாது என்று மனம் உறுத்தியது. அன்று சொல்லத் தவறியதை இன்று இப்பத்திரிகையின் வாயிலாகச் சொல்லத் துணிகிறேன். நமது சங்கங்களில் இதே கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டிருப்போர் அவர் ஒருவரல்லர் என்பதை நான் அறிவேன்.

கல்வி கற்றவர்கள் பொதுக் காரியமென்றால் சேறு என்று விலகி நிற்பது ஒருபுறம். தொழில் செய்பவர் பொதுக் காரியத்துக்கு வந்தால், தம் வியாபாரத்தைப் பெருக்கிக்கொள்ளவே வருகிறாரென்று ஊர் சந்தேகிப்பது மற்றொருபுறம். இரண்டுமே ஆதாரமற்ற எண்ணங்களல்ல. சேறு இருப்பதும் உண்மை. வியாபாரத்தைப் பெருக்க வந்தோரை நாம் கண்டிருப்பதும் உண்மை. ஆயினும் கூட்டுறவு இயக்கத்தின் பிறப்பை அறிந்தவர்கள் இவ்விரண்டோடு நின்றுவிட முடியாது.

ஜெர்மனியில் வேயர்புஷ் என்னும் சிற்றூர்ப் பகுதியின் மேயராக 1845 ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற ரைபைசன், பள்ளிக்கூடம் கட்டினார், சாலை போட்டார், 1846–47 இல் பஞ்சம் வந்தபோது ஏழைகளுக்குக் கடனாக ரொட்டி கொடுக்க ஒரு சங்கம் கண்டார். கிராமக் கடன் சங்கங்களின் மூலம் அங்கேதான் இருக்கிறது. (கண்பார்வை மங்கிப் பதவியை விட்டபின் அவர் பிழைப்புக்காகச் சுருட்டுத் தொழிலும் திராட்சை மது வியாபாரமும் செய்தார் என்பதைப் பலர் அறியார். வியாபாரத்திலிருந்து பொதுப்பணிக்கு வருவோரைப் பற்றியே பேசுகிறோம். அவர் எதிர்த்திசையில் நடந்தவர்.) அவருடைய முறையைச் சென்னை மாகாணத்துக்குப் பரிந்துரைத்து சர் பிரெடரிக் நிக்கல்சன் 1895 இலும் 1897 இலும் அறிக்கைகள் அளித்தார். 1904 ஆம் ஆண்டின் சட்டம் வந்தவுடன் இந்நாட்டின் முதல் விவசாயக் கடன் சங்கம் பதிவு பெற்றது நமது திருவள்ளூரை அடுத்த திரூரில். ஓர் ஊரின் மேயர் பசிக்கு வழி தேடியதற்கும் நமது மாவட்டத்தின் ஒரு கிராமம் சங்கம் கண்டதற்கும் இடையேயுள்ள நூல் அறுபடாமல் வந்திருக்கிறது. ஆகவே, ஊராட்சி வேறு, கூட்டுறவு வேறு என்று நாம் பேசுவது பிற்காலத்து வழக்கமே.

இனி நெசவாளர் நன்கறிந்த பெயருக்கு வருகிறேன். பிட்டி தியாகராயச் செட்டியார் 1852 ஆம் ஆண்டில் தேவாங்கர் குலத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் கற்றுப் பட்டம் பெற்றார். வண்ணாரப்பேட்டையில் ஏறத்தாழ நூறு தறிகளை ஒரே இடத்தில் ஓடவைத்தார். விசைநாடாத் தறியைப் பரப்புவதில் முனைந்தார். அங்கேயே பிள்ளைகளுக்குக் கல்விக்கூடமும் கண்டார். அவரை நாம் 1916 இல் தோன்றிய நீதிக்கட்சியின் தலைவராகவே நினைவில் வைத்திருக்கிறோம். என் கருத்தில், அவருடைய நீண்ட தவம் அதுவன்று. 1882 இலிருந்து ஏறத்தாழ நாற்பதாண்டுகள் சென்னை நகராண்மைக் கழகத்தில் உறுப்பினராக அமர்ந்து, குழாய், சாக்கடை, தெருவிளக்கு என்று நாள்தோறும் பேசிக்கொண்டிருந்ததே அவருடைய தவம். 1920 ஆம் ஆண்டின் தேர்தலுக்குப் பின் மாகாணத்தின் முதல் மந்திரி பதவி தம்மைத் தேடி வந்தபோது அதை ஏற்காதவர், நகராண்மைத் தலைமையை மட்டும் விடவில்லை. அதிகாரி அல்லாத முதல் தலைவர் அக்கழகத்துக்கு அவரே.

அவர் தலைமையில், 1920 செப்டம்பர் 16 ஆம் நாள், ஆயிரம் விளக்குப் பகுதியின் நகராண்மைப் பள்ளியிற் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானம் நிறைவேறியது. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படக் கூடாது என்பது வரம்பு. இத்தீர்மானத்தில் ஆசிரியரின் கண்ணும் இருக்கிறது, தொழில் நடத்தியவரின் கையும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பது முன்னது. தலைக்கு ஓரணா என்று வரம்பு கட்டியது பின்னது. அன்னதானம் செய்பவர் கணக்கு எழுதுவதில்லை. பாவுக்கு எவ்வளவு நூல், ஊடைக்கு எவ்வளவு நூல் என்று எடை போட்டுக் கொடுத்துப் பழகியவர் எழுதுகிறார். திட்டம் மேலும் சில பள்ளிகளுக்குப் பரவியது, வருகையும் பெருகியது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாதென்று அன்றைய சர்க்கார் தடுக்கவே, 1925 ஏப்ரலில் அது நின்றது. அதே மாதத்தில் தியாகராயரும் மறைந்தார். விதிப்படி அந்த ஆட்சேபம் சரியானதாகவே இருந்திருக்கும். ஆயினும், ஆட்சேபித்த கையின் பெயர் இன்று ஒருவருக்கும் தெரியாது. ஆட்சேபிக்கப்பட்ட காரியமோ, இரண்டே ஆண்டில் மீண்டு, 1950களில் காமராசர் காலத்தில் மாநிலம் முழுதும் பரவி, இன்று நாட்டின் சட்டமாகவே நிற்கிறது.

ஆட்சேபம் எழுதுவதே எனக்கும் தொழில். ஆதலால் இச்செய்தியை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. அதற்கான காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

தியாகராயர் பெரிய நகரத்தவர், பெருஞ்செல்வர், காலமும் வேறு என்று நண்பர் சொல்லக்கூடும். நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூந்தமல்லி ஒன்றியத்தைச் சேர்ந்த குத்தம்பாக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். அவ்வூரில் தாழ்த்தப்பட்ட குடும்பத்திற் பிறந்த இளங்கோ, கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனப் பொறியியல் கற்று, எண்ணெய் நிறுவனத்திலும் பிறகு மத்திய அறிவியல் ஆராய்ச்சிக் குழுமத்திலும் உத்தியோகம் பார்த்தார். கள்ளச்சாராயமும் அடிதடியுமாகப் பெயர்பெற்றிருந்த தம் ஊரை நினைத்து, 1990களின் நடுவில் உத்தியோகத்தைத் துறந்து திரும்பினார். 73 ஆம் அரசியற்சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இல் நிறைவேறியிருந்த காலம் அது. 1996 ஆம் ஆண்டின் தேர்தலில் அவர் பஞ்சாயத்துத் தலைவரானார். அடுத்த முறையும் ஊரார் அவரையே தேர்ந்தெடுத்தனர்.

அவர் செய்தவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று சமத்துவபுரம். அரசுத் திட்டத்தின்படி எல்லாச் சாதியினரும் ஒரே குடியிருப்பில் வாழ வேண்டும். அவரோ ஐம்பது இரட்டை வீடுகளாகக் கட்டி, ஒரே கூரையின் ஒரு பாதியில் தாழ்த்தப்பட்ட குடும்பமும் மறுபாதியில் பிற சாதிக் குடும்பமும் இருக்குமாறு செய்தார். நடுச்சுவர் இருவருக்கும் பொது. அவ்வூர் மண்ணை அழுத்திச் செய்த கற்களைக் கொண்டு, அவ்வூர் ஆட்களைக் கொண்டே சுவர் எழுப்பியதால், கூலியும் ஊருக்குள்ளேயே நின்றது. பொறியாளர் படிப்பு ஊருக்குப் பயன்படும் விதம் இதுதானென்று எனக்குத் தோன்றியது.

மற்றொன்று, கழிவுநீர்க் கால்வாய். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊருக்குள் கால்வாய் கட்ட மதிப்பீடு தயாராகியிருந்தது. அருகில் கருங்கல் மெருகிடும் தொழிற்சாலையிலிருந்து வீணாக ஒதுக்கப்பட்ட பலகைக் கற்கள் குவிந்து கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து, ஊராரின் உழைப்பால், மதிப்பீட்டில் கண்டதைவிட மிகக் குறைந்த செலவில் கால்வாயைக் கட்டி முடித்தார். ஒப்பந்தக்காரருக்கு இடமில்லாமற் போயிற்று. மதிப்பீட்டில் சொல்லப்பட்ட பொருள் வேறு, பயன்படுத்திய பொருள் வேறு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர் பதவியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். அவர் செய்தது என்ன? உண்ணாநோன்பிருந்தார், கிராம சபையைக் கூட்டச் செய்து, கணக்கை ஊரார் முன் வைத்தார். பெருந்திரளாகக் கூடிய ஊர், கால்வாய் எங்களுடையது, கணக்கு எங்களுக்குத் தெரியும் என்று நின்றது. அவர் மீண்டும் பதவியில் அமர்த்தப்பட்டார்.

பலரும் இக்கதையை அதிகாரிகளுக்கு எதிரான வீரக் கதையாகச் சொல்கின்றனர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. மதிப்பீட்டை மீறாதே என்னும் விதி ஏன் வந்தது? மலிவான பொருளைப் போட்டுவிட்டு, உயர்ந்த பொருளுக்குப் பில் எழுதியவர்களால் வந்தது. விதியை எடுத்துவிட்டால் இளங்கோக்கள் நூறு பேர் தோன்றமாட்டார்கள், மற்றவர்களே தோன்றுவார்கள். குத்தம்பாக்கத்தில் அவரைக் காத்தது அவருடைய நேர்மை மட்டுமன்று; நேர்மையுள்ளவர் பலர் பதவியிழந்து வீட்டிலிருக்கின்றனர். செலவிட்ட ஒவ்வொரு ரூபாயையும் ஊர் முன்னரே அறிந்திருந்தது. அதுவே அவரைக் காத்தது. பின்னாளில் அவர் 2001 இல் பஞ்சாயத்துப் பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கிப் பிற ஊர்த் தலைவர்களுக்குக் கற்பித்தார். குமரப்பா காட்டிய வழியில், ஊருக்கு வேண்டிய பருப்பையும் எண்ணெயையும் சோப்பையும் ஊர்களே செய்து தமக்குள் பரிமாறிக்கொள்ளும் சிறுதொழில்களுக்கும் முனைந்தார். கல்வியும் தொழிலும் பொதுப்பணியும் அவரிடம் மூன்றாகப் பிரிந்திருக்கவில்லை.

இனி என் தயக்கத்தின் காரணம். நான் பட்டம் பெற்று இத்துறையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. விவசாயிகள் சங்கம் ஒன்றின் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். சிறு அரிசி ஆலையும் வைத்திருந்தார். சங்கத்தின் உரக் கிடங்கு ஒழுகிற்று. கூரை மாற்ற மதிப்பீடு இருந்தது. ஒப்பந்தப்புள்ளி கோரி முடிப்பதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். அவர் மூடப்பட்ட பட்டறையொன்றின் பழைய இரும்புச் சட்டங்களை விலைபேசி வாங்கி, உள்ளூர்க் கொல்லரை வைத்துப் பன்னிரண்டு நாளில் கூரை போட்டுவிட்டார். செலவு மதிப்பீட்டில் பாதிக்கும் குறைவு. யூரியா மூட்டை ஒன்றுகூட நனையவில்லை.

தை மாதத்தில் நான் ஆய்வுக்குப் போனேன். விலைப்புள்ளி பெறவில்லை; முன்அனுமதி இல்லை; மதிப்பீட்டிலிருந்து விலகல் என்று எழுதினேன். எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவரிடம் மூன்று முறை விளக்கம் கேட்கப்பட்டது. தண்டத்தீர்வை என்ற சொல் காதில் விழுந்ததும், அவர் வாதாடாமல் தொகையைத் தம் கையிலிருந்து கட்டிவிட்டு, ராஜிநாமாக் கடிதத்தையும் கொடுத்துவிட்டார். அதன்பின் அவர் அந்தச் சங்கத்தின் படி ஏறியதில்லை. கூரை இன்றும் ஒழுகாமல் நிற்கிறது.

நான் எழுதியது தவறென்று சொல்லவில்லை. எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: “ஐயா, நாளையே நிர்வாகக் குழுவைக் கூட்டுங்கள், அவசரத்தின் காரணத்தைப் பதிவு செய்யுங்கள், பொதுப் பேரவையில் செலவை வைத்துப் பின்னேற்புப் பெறுங்கள், பிறகு நான் ஆய்வுக்குறிப்பு எழுதுகிறேன்.” அவ்வளவே. இதைச் சொல்ல விதி எதுவும் என்னைத் தடுக்கவில்லை. இருபத்தேழு வயதின் செருக்குத் தடுத்தது. காரியம் தெரிந்தவர்கள் ஏன் பொதுப்பணிக்கு வருவதில்லை என்று நாம் மேடைகளில் கேட்கிறோம். வந்தவர்களில் ஒருவரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. நண்பருக்கு இது மிகவும் தேவை என்பதால் சொல்கிறேன். அந்த ஆசிரியர் எவரையும் கேட்கவில்லை. ஆலையில் தாம் முடிவெடுத்தால் வேலை நடக்கும். வகுப்பில் தாம் சொன்னால் பிள்ளைகள் எழுதுவார்கள். சங்கத்தையும் அவ்வாறே நினைத்துவிட்டார். ஆகவே ஆட்சேபம் வந்த நாளில் அவருக்காகப் பேச ஓர் அங்கத்தினரும் எழவில்லை. கூரை எப்படி வந்ததென்றே பலருக்குத் தெரியாது. ஆசிரியர் தொழிலிலும் முதலாளி தொழிலிலும் ஒரே ஆபத்து இருக்கிறது. இரண்டிலும் எதிரே இருப்பவர் கேள்வி கேட்பதில்லை. ஊரார் மாணவருமல்லர், கூலியாட்களுமல்லர். நமக்கு ஒன்றும் தெரியாதென்று அவர்கள் கண்ணெதிரே சொல்லக்கூடியவர்கள்.

நண்பரிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். மரச் சட்டம் செய்யும் பட்டறைக்கும் பஞ்சாயத்துக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதேனும் உண்டா? பஞ்சாயத்தோடு ஒப்பந்த உறவு உடையவர் அதன் பதவிக்கு நிற்பதற்குச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. சட்டத்தின் கண்ணுக்குத் தப்பும் வழிகளை, மைத்துனர் பெயரில் பில் எழுதுவது முதலானவற்றை, நான் பார்த்திருக்கிறேன், ஊரும் பார்த்திருக்கிறது. பஞ்சாயத்துக்கு ஒரு பலகைகூட விற்பதில்லையென்று அவர் முதல் நாளிலேயே ஊரறியச் சொல்லிவிடுவது நல்லது.

அவருடைய ஊர் மகளிருக்கு ஒதுக்கப்படவும் கூடும். உள்ளாட்சி இடங்களிற் பாதி மகளிருக்கென்று நமது மாநிலத்தில் 2016 இல் சட்டமாயிற்று. அப்போது மனைவியின் பெயரில் மனுப் போட்டுவிட்டுத் தாம் நாற்காலியில் அமர்வதாயின், அவர் பட்டறையோடு இருப்பதே மேல். அதே கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் ஆத்துப்பாக்கத்தில் 2020 ஆம் ஆண்டின் சுதந்திர தினத்தன்று நடந்ததை நாம் மறக்கலாகாது. முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் தலைவரைத் தேசியக் கொடி ஏற்றவிடாமல் தடுத்தனர். செய்தி நாடெங்கும் பரவியபின், ஆகஸ்டு 20 ஆம் நாள் மாவட்ட ஆட்சியரின் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். ஐந்து நாள் ஒரு கொடி காத்திருந்தது. அத்தகைய பஞ்சாயத்தில் கணித ஆசிரியர் செய்யத்தக்க பொதுப்பணி, நாற்காலியைத் தேடுவதன்று. அவ்வம்மையாரின் பக்கத்தில் நின்று, வேண்டுமெனில் கணக்குப் புத்தகத்தை எழுத உதவுவது. அதற்குத் தேர்தல் தேவையில்லை.

தேர்தலைப் பற்றியும் ஒரு சொல். நமது மாவட்டத்தின் ஊராட்சிகளுக்கு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை; தனி அலுவலர்களே நடத்தினர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5 ஆம் நாள் முடிந்தபோது மீண்டும் பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. கூட்டுறவுச் சங்கங்களிலும், 2018 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் காலம் முடிந்தபின் இதுவே நிகழ்ந்தது. தனி அலுவலராக நானும் இருந்திருக்கிறேன். ஒரே நாளில் நான்கு சங்கங்களின் ரொக்கப் புத்தகத்தில் கையெழுத்திடும்போது, இவற்றில் எந்தக் கிடங்கு ஒழுகுகிறதென்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர் அவ்வூரில் இருக்கிறார். அவருக்குக் கையெழுத்திடும் உரிமையில்லை. இந்நிலையை இயல்பென்று ஏற்றுக்கொள்ள நாம் பழகிவருவது எனக்கு அச்சமூட்டுகிறது.

ஆயினும், தேர்தல் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. 2022 முதல் நமது மாநிலத்தில் அது ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டுமென்று ஏற்பாடாயிற்று. சங்கத்தின் பேரவையும் உண்டு. அங்கே வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுத் தேநீர் அருந்திப் போவோரே பெரும்பாலோர். ஒருவர் எழுந்து, இந்தச் செலவு எப்படி வந்தது என்று பணிவாகக் கேட்டால், அக்கூட்டத்தின் முகமே மாறிவிடுவதை நான் சில முறை கண்டிருக்கிறேன். நிற்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் ஆம் என்பதே. ஆனால் நிற்பதற்கு முன் இரண்டாண்டு அவ்விரு கூட்டங்களிலும் அவர் உட்கார வேண்டும். தியாகராயர் மந்திரி பதவியை மறுக்குமுன் முப்பத்தெட்டாண்டு நகராண்மையில் உட்கார்ந்தவர். இரண்டாண்டு என்பது கடுமையான நிபந்தனையன்று.

இக்கட்டுரையைப் பாதி எழுதியிருந்தபோது அவரே தொலைபேசியில் அழைத்தார். தேர்தலைப் பற்றிப் பேசவில்லை. பேரவைக் கூட்டத்துக்கு முன் சங்கத்தின் வரவு செலவு அறிக்கையை அங்கத்தினர் பார்வையிட உரிமை உண்டா, யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். உண்டென்றும், செயலாளரிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டுமென்றும் சொன்னேன். தாமதம் செய்தால் என்னிடம் வருமாறும் சொன்னேன்.